மாம்பலம் ரயில் ஓரமா, பேங்க் ஏலத்துல ஒரு ஃப்ளாட்

சென்னையில வீடு தேடுற எல்லாருக்கும் ஏதோ ஒரு ராத்திரி இந்த விளம்பரம் கண்ணுல படும். மேற்கு மாம்பலம், ரெண்டு பெட்ரூம், ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம், விலை மார்க்கெட்டை விட இருபது சதவீதம் கம்மி. கீழ சின்ன எழுத்துல 'பேங்க் ஏலம்'னு இருக்கும். கூகுள் மேப்ல பார்த்தா பெட்ரூம் ஜன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு காம்பவுண்ட் சுவர்தான்.

உடனே மனசு ஒரு கணக்கு போடும்: "ரயில் சத்தம், அதனாலதான் விலை கம்மி. சத்தத்தைப் பொறுத்துக்கிட்டா நமக்கு லாபம்." இந்தக் கணக்குல ஒரு குழப்பம் இருக்கு. இங்க ரெண்டு தள்ளுபடி ஒண்ணா கலந்து கிடக்கு. ஒண்ணு ரயிலுக்கு, இன்னொண்ணு ஏலத்துக்கு. ரெண்டும் வேற வேற சாமான்.

முதல்ல ரயில். பீச்–தாம்பரம் பாதையில மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல. ரயில்தான் சீனியர், நம்ம அபார்ட்மென்ட்டெல்லாம் அப்புறம் வந்து குடியேறினது. அதனால 'சத்தத்தைக் குறைங்க'ன்னு யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. எக்மோர் நோக்கி வர்ற தெற்கத்தி எக்ஸ்பிரஸ் எல்லாம் விடியற்காலையில இதே பாதையிலதான் வரிசையா நுழையும். மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் பறக்கும் ரயில்னா கதை வேற. அங்க தண்டவாளமே மேல இருக்கு, சில இடத்துல மூணாவது மாடி ஜன்னலும் ரயில் ஜன்னலும் ஒரே உயரம். தரைத்தளம்தான் மோசம், மேல போகப் போக அமைதின்னு நினைச்சுடாதீங்க.

நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-ல வந்தது, குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரை 45 டெசிபல்னு வரையறை வச்சிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல ஐரோப்பாவுக்குன்னு வெளியிட்ட வழிகாட்டுதல்ல, ரயில் சத்தம் ராத்திரி சராசரியா 44-க்குக் கீழ இருக்கணும்னு இருக்கு. பத்து டெசிபல் ஏறினா காதுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கா கேட்கும், அதை ஞாபகம் வச்சுக்கங்க. ரெட்டைக் கண்ணாடி யுபிவிசி ஜன்னல் போட்டா ஹாரனும் அறிவிப்பும் நல்லாவே அடங்கும். ஆனா தரை வழியா வர்ற அதிர்வு அடங்காது. அப்புறம், ஜன்னலை மூடினா சென்னையில ஏசி ஓடியே ஆகணும், அந்த கரண்ட் பில்லும் வீட்டு விலையில சேர்த்திதான்.

என்னைக் கேட்டா, தடதடன்னு ஓடுற ரயிலை விட ஸ்டேஷன் ஸ்பீக்கர்தான் பெரிய எதிரி. ரயில் சத்தம் ஒரு மாசத்துல பழகிடும். யாரோ பேசுற குரல் பழகாது, மூளை அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும்.

ஆனா இதெல்லாம் நேர்மையான குறை. நீங்களே போய்ப் பார்த்துடலாம். ஒரு நாள் காலை நாலரை மணிக்கு அந்தத் தெருவுல போய் நில்லுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை. பக்கத்து ஃப்ளாட்காரர்கிட்ட எந்த ரூம்ல படுக்கிறீங்கன்னு கேளுங்க. அவர் பின்பக்க ரூமைச் சொன்னா உங்களுக்கு விடை கிடைச்சாச்சு. ஒரே ஒரு பேப்பர் வேலை மட்டும் உண்டு: ரயில்வே எல்லையிலேர்ந்து 30 மீட்டருக்குள்ள கட்டின கட்டடம்னா ரயில்வேயோட தடையின்மைச் சான்று வாங்கியிருக்கணும். பிளான் அப்ரூவல் ஃபைல்ல அது இருக்கான்னு பாருங்க.

இப்போ ஏலம். இங்கதான் நிதானமா கேளுங்க.

வீட்டுக் கடன் தவணை 90 நாள் நின்னுபோனா அது வாராக்கடன். அப்புறம் சர்ஃபேசி சட்டம், 2002-ஓடது, கீழ பேங்க் நோட்டீஸ் அனுப்பும், 60 நாள் டைம். கட்டலைன்னா வீட்டைக் கையகப்படுத்தலாம், கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விடலாம். இதுல 'கையகப்படுத்தல்'ங்கிற வார்த்தை ரெண்டு வகை. ஃபிசிக்கல் பொசஷன்னா வீடு காலி, சாவி பேங்க்ல. சிம்பாலிக் பொசஷன்னா கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டி, ரெண்டு பேப்பர்ல விளம்பரம் போட்டாச்சு, அவ்வளவுதான். உள்ள அந்தக் குடும்பம் அப்படியே இருக்கு. ஹால்ல டிவி ஓடுது, பையன் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கான்.

நீங்க ஏலத்துல ஜெயிச்சா வாங்குறது அந்தக் காட்சியையும் சேர்த்துத்தான். ஏல அறிவிப்புல 'உள்ளது உள்ளபடி'ன்னு போட்டிருப்பாங்களே, அதுக்கு அர்த்தம் இதுதான்.

காலி பண்ண வைக்க, பேங்க் சட்டத்தோட 14-ஆவது பிரிவுல மாஜிஸ்திரேட்டிடம் மனு போடணும். சட்டத்துல 30 நாள், நீட்டிச்சா 60 நாள்னு இருக்கு. நடைமுறையில இதைத் தாண்டி இழுக்கும். கடன் வாங்கினவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 45 நாள் அவகாசம் உண்டு. அது அவரோட உரிமை, தப்பே இல்லை. 2023-ல உச்ச நீதிமன்றம், செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்குல, ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனைக் கட்டி வீட்டை மீட்கிற உரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு. வாங்குறவருக்கு அது பெரிய பலம். ஆனா நோட்டீஸ் ஒழுங்கா கொடுத்தாங்களா, விலை சரியா நிர்ணயிச்சாங்களான்னு வழக்கு போடுற வழி இன்னும் திறந்துதான் இருக்கு.

பணம் கட்டுற வேகம் இன்னொரு விஷயம். ஒரு பேச்சுக்கு, மார்க்கெட்ல 80 லட்சம் போற ஃப்ளாட்டை 64 லட்சத்துக்கு எடுக்கிறீங்க. ஏலத்துல கலந்துக்கவே சுமாரா பத்து சதவீதம் டெபாசிட். ஜெயிச்சா, அதையும் சேர்த்து 25 சதவீதம், அதாவது 16 லட்சம், அன்னிக்கே இல்லைன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள கட்டணும். மீதி 48 லட்சம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள்ள. பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா அதிகபட்சம் மூணு மாசம். விலை 50 லட்சத்தைத் தொட்டுட்டதால ஒரு சதவீத டிடிஎஸ்ஸும் நீங்கதான் பிடிச்சுக் கட்டணும்.

லோன் லேட்டாச்சுன்னா? கட்டின 25 சதவீதமும் போச்சு. தமிழ்நாட்டுலேர்ந்தே போன வழக்கு, சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்டது. சுமார் 12 கோடிக்கு ஏலம் எடுத்தவர் 3 கோடிக்கு மேல கட்டிட்டு மீதியைக் கட்ட முடியல. பேங்க் அந்தப் பணத்தை எடுத்துக்கிட்டது சரிதான்னு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில தீர்ப்பு சொல்லிடுச்சு. சிம்பாலிக் பொசஷன்ல இருக்கிற வீட்டுக்கு லோன் கொடுக்க பல பேங்க் யோசிக்கும்ங்கிறதையும் இதோட சேர்த்துப் பாருங்க.

சரி, எல்லாம் கட்டிட்டீங்க, சாவி வர 18 மாசம் ஆச்சுன்னு வைங்க. 48 லட்சத்துக்கு எட்டரை சதவீதம்னா வட்டி மட்டும் மாசம் 34,000, மொத்தம் ஆறு லட்சம். நீங்க இருக்கிற வாடகை வீட்டுக்கு 25,000 வீதம் நாலரை லட்சம். பதினாறு லட்சம் தள்ளுபடியில பத்தரை லட்சம் காத்திருந்தே கரைஞ்சாச்சு. இன்னும் வக்கீல் ஃபீஸ், சொத்து வரி பாக்கி, மெட்ரோ வாட்டர் பாக்கி, அசோசியேஷன் பாக்கி வரல. பழைய ஓனரோட கரண்ட் பாக்கியை ஏலத்துல வாங்கினவர்கிட்டயே வசூலிக்க விதிகள்ல இடம் இருந்தா அது செல்லும்னு 2023-ல கேரள மின் வாரிய வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

அதனால என் கட்சி இது. ரயில் தள்ளுபடி வேணும்னா ஏலத்துக்குப் போகவே வேண்டாம். அதே தண்டவாளத்து ஓரமா சாதாரண ரீசேல் ஃப்ளாட் பாருங்க. ஓனரே கதவைத் திறந்து காட்டுவார், பேரம் பேசும்போது ரயிலே உங்க பக்கம் ஹாரன் அடிக்கும். தள்ளுபடி கம்மிதான், ஆனா அது முழுசா உங்க கைக்கு வரும். மாம்பலம் மாதிரி இடத்துல பழைய கட்டடம்னா யூடிஎஸ், அதான் பிரிபடாத நிலப் பாகம், எவ்வளவுன்னு பத்திரத்துல பார்த்துட்டு முடிவெடுங்க. நாளைக்குக் கட்டடத்தை இடிச்சுக் கட்டும்போது உங்க பங்கு அதை வச்சுத்தான்.

ஏலம்தான்னு முடிவா இருந்தா ஃபிசிக்கல் பொசஷன் வீட்டை மட்டும் தொடுங்க. அரசு பேங்க் ஏலங்கள் பேங்க்நெட் தளத்துல இருக்கும். அறிவிப்புலயே அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி நம்பர் கொடுத்திருப்பாங்க. அவருக்குப் போன் பண்ணி மூணே கேள்வி: சாவி யார்கிட்ட இருக்கு? தீர்ப்பாயத்துல கேஸ் இருக்கா? நான் எப்போ உள்ள போய்ப் பார்க்கலாம்? "வெளியிலேர்ந்து பார்த்துக்கங்க சார்"னு பதில் வந்தா, போனை வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு மட்டும் கேட்டுடுங்க.