மகள் தேர்ந்த இரண்டாம் பாடம்



பொருளியலோடு உளவியலையும் முதன்மைப் பாடமாகப் பயில விழைவதாக என் மகள் கூறியபோது, "பித்தர்க்குரிய படிப்பு நமக்கெதற்கு?" எனச் சினந்தேன். "அப்பா, துணை ஓட்டுநராக வருவோர்க்கு உங்கள் இரயில்வேயே உளத்திறன் தேர்வு வைக்கிறதே!" என்றாள். பத்தாம் வகுப்போடு நின்ற இந்த எழுத்தன் வாயடைத்துப் போனேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிப்படி, மூவாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டுகளில் 48ஐயேனும் இரண்டாம் முதன்மைப் பாடத்தில் பெறவேண்டும். சுமை பெரிதே. இளங்கலைப் பட்டத்தால் மட்டும் மருத்துவ உளவியலர் ஆகிவிடவும் இயலாது. எனினும், பொருளின் விலையை ஆராய்பவள் அதை வாங்குவோர் மனத்தையும் ஆராய்தல் தகும் எனத் தெளிந்து, விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன்.

பெற்றோர்களே, பாடத்தின் பெயரைக் கேட்டே வெகுளாதீர்கள். பிள்ளைகள் கூறும் காரணத்திற்கும் செவி சாயுங்கள்.