காண்போரும் காட்டுவோரும்



மனிதனுக்கு இரண்டு ஆசைகள் என்றும் உண்டு. ஒன்று, பிறர் செய்வதைத் தான் காணவேண்டும் என்பது. மற்றையது, தான் செய்வதைப் பிறர் காணவேண்டும் என்பது. திண்ணையும் சந்தையும் கோயில் வீதியும் கூத்துக் களரியும் இவ்விரண்டு ஆசைகளையும் நெடுங்காலம் நிறைவு செய்து வந்தன. இன்று அவற்றின் பணியிற் பெரும்பங்கை இணையக் காணொளி ஏற்றுக்கொண்டுள்ளது. மக்கள் இக்காணொளிகளை ஏன் காண்கின்றனர், ஏன் தாமே ஆக்கி வெளியிடுகின்றனர் என்பதை இன்று சிறிது ஆராய்வோம். பொழுதுபோக்கு என்றும் பணத்தாசை என்றும் ஒரு சொல்லில் விடைகூறி அமைதல் எளிது. ஆயினும் அது பாதி விடையே. மறுபாதியை நாம் அறியாதுவிடின், எம் பிள்ளைகளின் மனத்தையும் அறியாதவராவோம்.

யூரியூப் என்னும் தளத்தில் முதற் காணொளி ஏற்றப்பட்டது 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள். அது 19 விநாடிகளே ஓடுவது. தளத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ஜாவெட் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அவற்றின் துதிக்கை மிக நீளமானது என்று சொல்லி முடிக்கின்றார். இதில் அரிய செய்தி ஏதுமில்லை. ஆயினும், 'நான் இங்கே நிற்கின்றேன். நான் காண்பதை நீயும் காண்' என்னும் அழைப்பு அதில் உண்டு. பின்னர் வந்த எண்ணற்ற காணொளிகளுக்கு வித்து அவ்வழைப்பேயாகும்.

காண்போர் பக்கத்தை முதலில் நோக்குவோம். காண்பதற்குத் தலையாய காரணம் கற்றல். சீவுளி பிடிக்கும் விதத்தைத் தச்சன் அருகில் நின்றும், சட்டை வெட்டும் விதத்தைத் தையற்காரர் அருகில் நின்றும் கற்றது எம் முன்னோர் மரபு. கைத்தொழிலை எழுத்தினால் முற்றாக உணர்த்த இயலாது. அருகில் நிற்க ஆசான் இல்லாதவனுக்குக் காணொளி அக்குறையை ஓரளவு தீர்க்கின்றது.

பாடக் கல்வியிலும் இவ்வாறே. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிதித்துறையிற் பணியாற்றிய சல்மான் கான் என்பவர், இவர் திரைப்பட நடிகர் அல்லர், 2004ஆம் ஆண்டில், நியூ ஓர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த தம் உறவுச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். உறவினர் பிள்ளைகள் மேலும் சிலர் சேரவே, 2006இல் தம் பாடங்களைக் காணொளிகளாக்கி யூரியூப்பில் ஏற்றினார். நேரில் கற்பிக்கும் அவரிலும் காணொளியிற் கற்பிக்கும் அவரையே தாம் விரும்புவதாக அப்பிள்ளைகள் கூறினர். காரணம் யாது? விளங்காத இடத்தில் நிறுத்தலாம், பத்துமுறை திருப்பிக் கேட்கலாம், 'இன்னுமா விளங்கவில்லை?' என்று முகஞ்சுளிப்பார் அங்கில்லை. பிற்காலத்திற் கான் அக்கடமி என்னும் இலாப நோக்கற்ற நிறுவனமாக வளர்ந்த முயற்சி இதுவே. ஆசிரியர்களாகிய எமக்கு இதனுள் ஒரு பாடம் உண்டு. பிள்ளை அறிவை மட்டும் தேடவில்லை. தன் அறியாமையை நாணமின்றி வெளிப்படுத்தத் தக்க ஓர் இடத்தையும் தேடுகின்றது.

எமது நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியர் பலர் அக்காலத்திற் கைத்தொலைபேசியின் முன் நின்று பாடங்களைப் பதிவு செய்து அனுப்பினர். சமிக்ஞை கிட்டாத ஊர்களின் பிள்ளைகள் குன்றேறியும் மரமேறியும் அவற்றைப் பெற்றனர். வெறும் பொழுதுபோக்கின்பொருட்டு எவரும் நாள்தோறும் குன்றேறார்.

கல்விக்கு அடுத்த காரணம் துணை. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திற் பெரியதம்பி என்னும் முதியவரும் அவர்தம் பேரர்களும் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சனல்' என்னும் பெயரிற் சமையற் காணொளிகளை வெளியிடத் தொடங்கினர். 2021இல் அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. தமிழில் அவ்வெல்லையை முதலில் எட்டியது அதுவே. வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, பெரும் பாத்திரங்களிற் சமைத்து, கூடியிருந்து உண்கின்றனர், பிறருக்கும் அளிக்கின்றனர். நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தம் வீட்டில் ஒருசேரச் சமைக்கும் எண்ணம் காண்போருள் எவருக்கு உண்டு? அவர்கள் நாடுவது சமையற் குறிப்பை அன்று. பலர் கூடி உழைத்து உண்ணும் அக்காட்சியையே. தொழில்தேடிக் கடல்கடந்து, தனியறையில் இருந்து உண்ணும் இளைஞனுக்கு அது பந்தியில் இருக்கும் உணர்வைத் தருகின்றது.

இனி, ஆக்குவோர் பக்கத்தை நோக்குவோம். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ஓக்லி என்னும் ஓய்வூதியர், எண்பதை அணுகும் வயதிற் கணினியின் முன் அமர்ந்து, தம் இளமைக் காலத்தையும் போர்க்காலச் சேவையையும் பகுதி பகுதியாகச் சொல்லத் தொடங்கினார். அலங்காரமோ ஆரவாரமோ அவரிடம் இல்லை. ஆயினும் சிறிது காலத்துள் யூரியூப்பில் அந்நாளில் மிகுதியான சந்தாதாரரைக் கொண்டவர் அவரே ஆயினார். அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதுடையோர் பலர் விரும்பிக் கேட்டனர். 2014இல் அவர் மறைந்தார். காணொளி ஆக்குவோருக்கு விளம்பர வருவாயிற் பங்களிக்கும் திட்டத்தை யூரியூப் தொடங்கியது 2007இலேயே. ஆதலின் அம்முதியவரைப் பேசவைத்தது பணம் அன்று. தம் கதையைக் கேட்க ஒருவர் வேண்டும் என்னும் விருப்பமே அவரைப் பேசவைத்தது எனலாம்.

வானொலியிற் பேசுவோர் இவ்வுணர்வை நன்கறிவர். 1925ஆம் ஆண்டு கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய காலந்தொட்டு, கேட்போர் முகம் காணாமலே இங்கு பலர் பேசி வந்துள்ளனர். பேச்சு எவரையேனும் எட்டிற்றா என்பதை நேயர் கடிதமே உணர்த்தும். அக்கடிதத்தில் ஒரு பெயரும், ஓர் ஊரும், ஒரு மனமும் இருக்கும். காணொளி ஆக்குவோனுக்கோ கருத்துரைகளுக்கு முன்னர் வந்து நிற்பது ஓர் எண்.

இடர் தொடங்குவது இவ்விடத்திலேயே. 2012இல் யூரியூப், எத்தனைபேர் ஒரு காணொளியைத் திறந்தனர் என்பதிலும், எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்த்தனர் என்பதற்கே முதன்மை அளித்துக் காணொளிகளைப் பரிந்துரைக்கலாயிற்று. 2018இல், விளம்பர வருவாயிற் பங்குபெறுவதற்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டினுள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என விதித்தது. வணிகத்துக்கு இவ்விதிகள் பொருந்தலாம். ஆனால் ஆக்குவோன் உள்ளத்தில் 'யாருக்குச் சொல்கின்றேன்?' என்ற வினா மெல்ல மறைந்து, 'எத்தனைபேர் பார்த்தனர்?' என்ற வினா அவ்விடத்தைப் பிடிக்கின்றது. பின்னர், எதனைக் காட்டினால் எண் ஏறுமோ அதனையே காட்டத் துணிகின்றான்.

இதன் விளைவை எம்மவர் மத்தியிலும் காண்கின்றோம். உதவி செய்வதாகக் கூறி, வறிய குடும்பத்தின் குடிசைக்குள் கமராவுடன் நுழைந்து, தாயின் கண்ணீரையும் பிள்ளையின் கிழிந்த சட்டையையும் உலகுக்குக் காட்டும் காணொளிகள் பல உலவுகின்றன. உதவி கிடைப்பது உண்மையாகலாம். ஆனால் கொடுத்த அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், காணொளி தீராது. அப்பிள்ளை மறுநாள் வகுப்பறையிற் சகமாணவர் முன் எவ்வாறு தலைநிமிர்ந்து அமரும்? அவ்வேளையில் அத்தாயினால் 'படம் எடுக்கவேண்டாம்' என்று மறுக்க இயலுமா? இவற்றைக் காண்போராகிய நாமும் பொறுப்பிலிருந்து நீங்கியவர் அல்லோம். நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவ்வெண்ணிற் சேர்கின்றது.

அவ்வாறாயின் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது யாது? கைத்தொலைபேசியைப் பறித்து வைத்தல் ஒருநாளைக்கு உதவும். மறுநாள் பிள்ளை ஒளித்துப் பார்க்கும். அதனிலும் பயனுள்ள வழி, அருகில் அமர்ந்து சிறிதுநேரம் உடன் பார்த்தல். பிள்ளை தானே ஒரு காணொளியை ஆக்கினால், அதன் முதற் பார்வையாளர் நாமாக இருத்தல் வேண்டும். பின்பு மூன்று வினாக்களை அமைதியாகக் கேட்கலாம். இதனை யாருக்காகச் சொல்கின்றாய்? இதில் தோன்றுவோர் மனமார இசைந்தனரா? பார்ப்போர் தொகை தெரியாவிடினும் இதனைச் செய்வாயா? இவ்வினாக்களுக்கு விடைதேடும் பிள்ளை தீங்கான வழியில் எளிதிற் செல்லாது. வீட்டிற் கேட்பார் அற்ற பிள்ளையே முகமறியா உலகைக் கேட்குமாறு அழைக்கின்றது என்பதை மறத்தல் ஆகாது.

பிள்ளைகளின் இவ்வாசையை நல்வழியிற் செலுத்தவும் இடமுண்டு. வலை பின்னவும் மூலிகை அறியவும் காத்தான்கூத்துப் பாடவும் வல்ல முதியோர் எம் ஊர்களில் இன்னும் வாழ்கின்றனர். தம் அனுபவத்தைக் கேட்பார் இன்றி அவர்களும் வாடுகின்றனர். வரும் விடுமுறையிற் பேரனையோ பேத்தியையோ கைத்தொலைபேசியுடன் பாட்டனார் முன் அமர்த்தி, அவர் கூறுவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதனை உலகம் பார்க்கின்றதோ இல்லையோ, சொல்ல விரும்பிய ஒருவருக்குக் கேட்க ஒருவர் அவ்வீட்டிலேயே கிடைத்திருப்பார்.