கடைசியாக வருபவருக்காகவும் மிதியுங்கள்



நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் வெற்றி தருவது தனிமனித உறுதியா, குழுப் பயிற்சியா? இதுதான் இன்றைய கேள்வி. "மிதிப்பது அவரவர் கால், வலிப்பது அவரவர் முழங்கால். இதில் குழுவுக்கு என்ன வேலை?" என்று எதிரணியினர் கேட்டார்கள். அவையும் கைதட்டியது. கைதட்டலுக்குரிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலும் இருக்கிறது.

பிரான்சில், பாரிஸிலிருந்து கடலோர நகரமான பிரெஸ்ட் வரை சென்று மீண்டும் திரும்பும் போட்டி 1891ஆம் ஆண்டு தொடங்கியது. தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். 71 மணி 22 நிமிடங்களில் முதலில் வந்தவர் சார்ல் தெரோன். எதிராளி உறங்கிய நேரத்தில் இவர் உறங்காமல் முந்திச் சென்றார். எதிரணியினருக்குப் பிடித்த கதை இது. ஆனால் அன்று புறப்பட்டவர்கள் 207 பேர், முடித்தவர்கள் 99 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்று அது போட்டியாக நடப்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பயணத்தை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். தகுதி பெற, முதலில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடித்துக் காட்ட வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்பதெல்லாம் இல்லை. நேரத்துக்குள் வந்தவர் அனைவரும் சமம். இது போன்ற தூரங்களை நம் வட்டாரத்திலும் ஓட்டுகிறார்கள். இதற்குத்தான் ஞாயிறு விடியற்காலையில் விளக்கைப் பொருத்திக்கொண்டு, சாலையில் வரிசையாகச் செல்கிறார்கள்.

அந்த வரிசைக்குக் காரணம் என்ன? காற்று! சமதரையில் வேகமாக ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துச் சென்றால், ஒட்டிப் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ கால்பங்கு உழைப்பு மிச்சம். சில நிமிடங்களில் முன்னவர் விலகிப் பின்னால் வந்துவிடுவார், அடுத்தவர் முன்னேறுவார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, இங்கே அதைச் சக்கரத்தின் மேல் பார்க்கலாம்.

ஆனால் ஒட்டி ஓட்டுவதில் ஆபத்தும் ஒட்டியே வருகிறது. பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தில் உரசினால், பெரும்பாலும் விழுவது பின்னவர்தான். ஆகவே திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. குழி இருந்தால் கையால் காட்ட வேண்டும், வண்டி வந்தால் குரல் கொடுக்க வேண்டும். இவற்றைத் தனியாக எங்கே கற்பது?

சாலை மற்றவர்களுக்கும் சொந்தம் என்பதை மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி முதல் சாலையில் குழுவாகச் செல்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக என்றால் 5 பேர், இருவர் இருவராக என்றால் 10 பேர் என்று வரம்பு வந்தது. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப தூரம், விடுமாறு அறிவுறுத்தப்பட்டது. வாகனமோட்டிகளின் கோபத்தில் பாதி இந்த இடைவெளியில் தணிந்துவிடும்.

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். சர்க்கரை கூடியிருக்கிறது, நடமாட்டம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் சைக்கிள் வாங்கினார். குழுவில் சேர்ந்தார். மூன்றாவது மாதம் நண்பர்கள் 200 கிலோமீட்டருக்குத் தயாரானார்கள். ஒரு காலை, எண்பதாவது கிலோமீட்டரில், அவருக்குத் தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. முன்னால் எட்டுப் பேர் போகிறார்கள். "நிறுத்துங்கள்" என்று சொல்ல வாய் வருகிறதா? வருவதில்லை! "நம்மால் மற்றவர்கள் ஏன் நிற்க வேண்டும்" என்ற கூச்சம் தடுக்கிறது. வீட்டில் மனைவி பசியாறச் சமைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

அந்த மனிதரைக் காப்பாற்றப்போவது மன உறுதியா? உறுதிதான் அவரை இன்னும் மிதிக்கச் சொல்கிறது. காப்பாற்றப்போவது, வரிசையின் கடைசியில் அனுபவசாலி ஒருவரை நிறுத்தி வைத்த குழு. புறப்படும் முன்பே "முடியாதவர் கையை உயர்த்துங்கள், எல்லாரும் நிற்போம்" என்று சொல்லிவைத்த குழு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்து, வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் வைத்திருக்கும் குழு.

எல்லாக் குழுவும் அப்படியா என்று எதிரணி கேட்கலாம். இல்லைதான். பின்தங்கியவரைச் சாலையில் விட்டுவிட்டு, காப்பிக்கடையில் சராசரி வேகம் பேசுகிறவர்களும் உண்டு. அது குழு அல்ல, ஒரே பாதையில் போகும் தனிமனிதர்களின் கூட்டம். அந்தக் கூட்டத்துக்காக இந்த அணி வாதாடவில்லை.

ஆகவே நேயர்களே, குழுவில் சேருங்கள். சேரும் முன் மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு வேகமாகப் போவீர்கள் என்று அந்தக் குழுவிடம் கேட்காதீர்கள். கடைசியில் வருபவரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலில் தெரிந்துவிடும், அவர்களை நம்பி 200 கிலோமீட்டர் போகலாமா என்பது.