குழியைக் காத்தவர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜெர்மனி என்றதும் பெரிய நகரங்களும் பெரிய ஆலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேசப்போவது ஒரு சின்ன ஊரைப் பற்றி. மூனிக் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது பென்ஸ்பெர்க். சுற்றிலும் மாடு வளர்க்கும் கிராமங்கள். பூமிக்கு அடியில் நிலக்கரி.

1865-இல் டுட்சிங் என்ற ஊரிலிருந்து ரயில் பாதை வந்த பிறகுதான் இங்கே சுரங்கம் பெருகியது. நம்மில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். ஏற்றிச் செல்ல வண்டி இல்லாவிட்டால் கரி வெறும் கல்தான். கரி வெட்ட ஆட்கள் பல பக்கங்களிலிருந்தும் வந்தார்கள். போகீமியா போன்ற அயல் பிரதேசங்களிலிருந்தும் வந்தார்கள். பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர் அது. 1919-இல் நகர அந்தஸ்துப் பெற்றது. தொழிலாளர் இயக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியது. 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள், சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மேயர் ஹான்ஸ் ரும்மரைப் பதவியிலிருந்து விரட்டினார்கள்.

1945-க்கு வருவோம். போர் தோற்றுவிட்டது. மார்ச் 19-ஆம் தேதி ஹிட்லர் ஓர் உத்தரவு போட்டான். எதிரி கையில் சிக்குமுன் ஆலை, பாலம், சுரங்கம் எல்லாவற்றையும் அழித்துவிடு என்பதே அந்த உத்தரவு. ஏப்ரல் 28 அதிகாலையில், மூனிக்கில் நாஜிகளை எதிர்த்துக் கிளம்பிய ஒரு குழு, ஆட்சியைத் தூக்கியெறியுங்கள் என்று வானொலியில் அழைப்பு விடுத்தது. ரும்மரும் அவருடைய தோழர்களும் நேரே சுரங்கத்துக்குப் போனார்கள். வேலையை நிறுத்தி, சுரங்கம் நாசமாகாமல் தடுத்தார்கள். பிறகு நகர மன்றத்துக்குப் போய் நாஜி மேயரை வெளியேற்றினார்கள்.

அன்றே ராணுவம் வந்து அவர்களைப் பிடித்தது. மூனிக்கிலிருந்த நாஜித் தலைவன் பவுல் கீஸ்லர், விசாரணையே இல்லாமல் சுடச் சொன்னான். மாலையில் சுட்டார்கள். இரவில் ஹான்ஸ் சோபர்லைன் என்பவனின் தலைமையில் முகத்தை மறைத்த கும்பல் ஒன்று ஊருக்குள் புகுந்தது. உள்ளூர் நாஜிகள் கொடுத்த பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஆள் தேடித் தூக்கிலிட்டது. மொத்தம் 16 பேர் மாண்டார்கள். இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. இரண்டே நாளில், ஏப்ரல் 30-இல், அமெரிக்கப் படை ஊருக்குள் வந்துவிட்டது.

சோபர்லைனுக்கு 1948-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது ஆயுள் தண்டனையானது. 1958-இல் உடல்நிலையைக் காரணம் காட்டி அவனை வெளியே விட்டார்கள்.

சுரங்கம் கம்பெனியின் சொத்துதானே, அதற்காகத் தொழிலாளி ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்திரத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது உண்மை. ஆனால் ஊரின் அடுப்பு எரிந்தது அந்தக் குழியால். போர் முடிந்த மறுநாள் கூலி எங்கிருந்து வரும் என்று அவர்கள் யோசித்தார்கள். அந்தச் சுரங்கம் அதன் பிறகு 21 ஆண்டுகள் ஊருக்குச் சோறு போட்டது. மலிவான எண்ணெயோடு போட்டி போட முடியாமல் 1966 செப்டம்பரில் மூடப்பட்டது. ஊர் கலைந்து போகவில்லை. வேறு தொழில்கள் வந்தன. இன்று ரோஷ் கம்பெனியின் பெரிய மருந்து ஆலை அங்கே நடக்கிறது. சுரங்கத்தின் நினைவாக அருங்காட்சியகம் இருக்கிறது; அந்த 16 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

தோழர்களே! நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பதவி பறிபோய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒரு மனிதர் சுரங்க வாசலில் நின்று சொன்னார், தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த நம்பிக்கை அன்று காலையில் முளைத்ததல்ல. தொழிலாளர்களோடு கூடவே நின்றவருக்குக் கிடைத்த நம்பிக்கை அது. ஆபத்து வந்த பிறகு சங்கம் கட்ட முடியாது. மாதச் சந்தாவும் இந்த மாதக் கூட்டமும் சின்ன விஷயம் என்று எண்ணாமல், அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.