பார்டரில் இருக்கும்போதே திரும்பிடுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி போடுற வேலை பார்க்கிறேன். போன வருஷம் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் எங்க தெருவுக்கு வந்தாங்க. அவங்களும் நம்மளை மாதிரி ஒரு குழு உறுப்பினர்தான். அவங்க சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயித்துல ரத்தம் கொடுத்தேன். 114 வந்தது. "பார்டர்ல இருக்கு"ன்னாங்க. நோய் இல்லைன்னு சந்தோஷமா வந்துட்டேன்.

தன்னார்வலர்தான் உட்கார வச்சு விளக்கினாங்க. வெறும் வயித்துல 100க்குக் கீழே இருந்தா நல்லது. 126ம் அதுக்கு மேலேயும் வந்தா சர்க்கரை நோய். நடுவில் இருப்பது எச்சரிக்கை. வலி இருக்காது, சோதிச்சாத்தான் தெரியும். ஆனா இந்த இடத்திலிருந்து திரும்ப முடியும்.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை முத்தி, கால் விரலை எடுத்தாங்க. ஆலையில் நான் வெறுங்காலோடு நடக்கிறவ. கால் மரத்துப்போனா குத்தினது தெரியாது. தீக்காயம் பட்டா லேசில் ஆறாது.

வீட்டில் மட்டும் பத்தியம் இருந்து என்ன பிரயோஜனம்? பகல் முழுக்க ஆலையில்தானே இருக்கோம். வாளியில் வர்ற டீயில் சீனி போட்டேதான் வரும். எழுந்தா எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும்னு உட்கார்ந்தே கிடப்போம்.

எங்க செட்டில் ஆறு பேர். சேர்ந்து பேசி, டீக்கார அண்ணாச்சியிடம் சீனி போடாத டீ கேட்டோம். முதல் நாள் முனங்கினார், மறுநாள் கொண்டுவந்துட்டார். ஒருத்தி மட்டும் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். மத்தியானம் தூக்குவாளியில் சோத்தைக் குறைச்சு, கீரையும் பயறும் கூட்டிக்கிட்டோம். குதிரைவாலிச் சோறும் உண்டு, அதுவும் அளவோடுதான். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கிறோம். அதில் கொஞ்சம் எண்ணிக்கை குறையுது. அம்மாவுக்கு விரல் எடுத்தப்ப நான் இழந்த கூலியை நினைச்சா, அது ஒண்ணுமில்லை.

இது வெறும் பேச்சு இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், பார்டரில் இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006இல் முடிவை வெளியிட்டாங்க. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவங்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்களில் 39 பேருக்குத்தான் வந்தது. எல்லாரும் தப்பலை. ஆனா நூத்துக்குப் பதினாறு பேர் தப்பிச்சாங்களே!

இப்போ எனக்கு 104. இன்னும் நூறுக்குக் கீழே வரலை, வர வைப்பேன்.

ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, மாசக் கூட்டத்தில் சந்தா எழுதுற நோட்டிலேயே, யார் சுகர் பார்த்தாச்சு, யார் பார்க்கலைன்னு குறிச்சு வைப்போம். ரெண்டு, 2024இல் அரசு தொடங்கின 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' நம்ம ஆலைகளுக்கும் வரணும்னு கூட்டமைப்பு மூலமா மனு கொடுப்போம்.

கடனையே தவணை தவறாம அடைக்கிறவங்க நாம. நம்ம உடம்புக்குச் செய்ய வேண்டியதையும் தவறவிடக் கூடாது.