ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

இந்த மாதிரி மேடையில் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரிப் பேசுவதுதான் வழக்கம். நான் உங்களில் ஐந்தாறு பேருக்காக மட்டும் பேசப் போகிறேன். மனநல மருத்துவம் படிக்கும் ஆசையை மனதில் வைத்துக்கொண்டு, அதை வீட்டில் சொல்லத் தயங்குகிற அந்த ஐந்தாறு பேர். மற்றவர்களும் காது கொடுத்து வையுங்கள். நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், மனநல மருத்துவரான என் நோயாளிகள் முதலில் உங்களிடம்தான் வருவார்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "ராத்திரி பகலா கண் முழிச்சுப் படிச்சது பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கவா?" பெரியப்பா ஒருவர் ரேடியாலஜியின் பெருமையை எடுத்துச் சொல்வார். சீர்வரிசை, கல்யாணப் பேச்சு எல்லாம் நடுவில் வரும். இதற்கெல்லாம் பதில் சொல்லி மாளாது, சிரித்துவிட்டு அப்ளிகேஷனைப் போடுங்கள். நீட் பிஜி ரேங்கில் வேறு எதுவும் கிடைக்காமல் இந்தத் துறைக்கு வந்தவர்களும் உண்டு. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அப்படி வந்து மிக நல்ல மருத்துவரானவர்களை எனக்குத் தெரியும். "உட்கார்ந்து பேசினால் போதும், உடம்பு நோகாது" என்று கணக்குப் போட்டு வருகிறவர்களைத்தான் வாசலிலேயே நிறுத்த விரும்புகிறேன்.

ஒரு ஆர்த்தோ வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஒருவர் படுத்திருக்கிறார். இரண்டு நாள் சாதுவாக இருந்தவர், மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கி எறிகிறார். போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விடுகிறார். ஜன்னல் ஓரம் போலீஸ் நிற்கிறது என்கிறார். கை நடுங்குகிறது, சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது, நாடித்துடிப்பு 130. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "சைக்கியாட்ரி ஒபினியன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். நீங்கள் போகிறீர்கள். போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மனைவியைத் தனியே கூப்பிட்டு, "எவ்வளவு குடிப்பார், கடைசியாக என்றைக்குக் குடித்தார்?" என்று கேட்பது. பதில் வரும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வருகிற ஜன்னி அது. லோராசெபாம் வேண்டும், குளுக்கோஸ் ஏற்றும் முன்பு தையமின் ஊசி போட வேண்டும், உப்புச் சத்துகளைப் பார்க்க வேண்டும். பைக் விபத்து என்பதால் மண்டைக்குள் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்த மனிதர் இறந்துபோகலாம். இதில் உட்கார்ந்து பேசுவது எங்கே இருக்கிறது?

அதனால்தான் சொல்கிறேன், ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் துறைக்குள் வராதீர்கள். சோர்ந்து, தூங்கி வழிந்து, எதிலும் பிடிப்பில்லை என்று வருகிற பெண்ணுக்குத் தைராய்டு பாருங்கள். லித்தியம் எழுதுகிற கை, ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லியும் எழுத வேண்டும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதுமுன் ஒன்றுக்குப் பலமுறை யோசிக்க வேண்டும். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலை ஒரு காரணம்தான். இதயநோய், சர்க்கரை, புகைப்பழக்கம் போன்றவை பறித்துக்கொள்ளும் உயிர்கள் ஏராளம். குரல் கேட்கிறது என்று சொல்பவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் அதையும் "மனப்பிரமை" என்று தள்ளிவிடுகிற மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அவருக்காகச் சண்டை போட வேண்டியவர் நீங்கள்.

சரி, பேசுவதே இல்லையா? இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் குறை. மனநலத்துறையில் உங்களுக்கு இருந்த இரண்டு வார பயிற்சிக் காலத்தை எத்தனை பேர் நீட் பிஜிக்குப் படிக்க எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்கப் போவதில்லை. கல்லூரி முதல்வர் இங்கே இருக்கிறார்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. வருபவர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். "உடம்பெல்லாம் எரியுது, தலை கிறுகிறுங்குது, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பார். மூன்று டாக்டரைப் பார்த்த சீட்டுகளும் ஒரு பை நிறைய ஸ்கேனும் கையில் இருக்கும். உடனே மறித்துக் கேள்வி கேட்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் அவரைப் பேச விடுங்கள். மனைவியின் நோயைக் கணவரே சொல்லிக்கொண்டு போனால், மரியாதையாக, "நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க சார்" என்று அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றையும் கேட்ட பிறகு, "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல் ஆகிவிடும் என்பது தவறான பயம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பல பேர் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்கள் போல அழுதுவிடுவார்கள். பிறகு அந்தக் கணவரையும் உள்ளே கூப்பிடுங்கள். அவரும் வேண்டும்.

குடும்பம் இல்லாமல் நம் நாட்டில் மனநல மருத்துவம் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து, நோயாளிகளின் வீட்டாரையும் கூடவே தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் அதே காலத்தில் உறவினர் உடன் தங்கும் முறையைத் தொடங்கியது. நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்த காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசியுங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நீண்ட காலம் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984இல் மனநோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மாத்திரையோடு வேலை நின்றுவிடுவதில்லை, நோயாளிக்கு ஒரு பிழைப்பும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் உங்களுக்கு முன்னால் நோயாளியைப் பார்த்தவர் பூசாரியாகவோ, தர்காவில் மந்திரிப்பவராகவோ இருப்பார். குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போய்விட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். கேலி செய்யாதீர்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். ஆனால் சங்கிலியைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். இன்றைக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடியிலேயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. மந்திரிப்பவரே "டாக்டரையும் பாருங்க" என்று சொல்லி அனுப்பும்போது நடக்கிற நன்மை, நாம் நூறு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் நடக்காது.

சட்டம் என்றதும் இன்னொன்று. உங்களில் பலர் அடுத்த மாதமே ஏதாவது ஒரு மருத்துவமனை கேஷுவால்டியில் டியூட்டி டாக்டராக உட்காருவீர்கள். பூச்சிமருந்து குடித்தவர், சாணிப்பவுடர் கரைத்துக் குடித்த பெண் என்று வருவார்கள். வயிற்றைக் கழுவுவீர்கள், அட்ரோபின் போடுவீர்கள், உயிரைக் காப்பாற்றுவீர்கள். கூடவே, "ஏம்மா, ரெண்டு பிள்ளை இருக்கே, யோசிக்க வேணாமா?" என்று ஒரு திட்டும் வரும். அந்தத் திட்டை விட்டுவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது மேற்சொன்ன சட்டத்தின் 115ஆவது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் இப்போதைய சட்டத்தில் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரி எழுதப்படாமல் வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

கடைசியாக உங்களைப் பற்றி. வீட்டில் யாருக்கோ நோய் இருந்ததாலோ, தனக்கே இருந்ததாலோ இந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது தகுதிக் குறைவல்ல. ஆனால் உங்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் முதலில் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். நோயாளியை வைத்து உங்கள் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. என்றாவது ஒரு நாள் உங்கள் நோயாளி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்வார். இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது நேர்கிறது. அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள், ஒரு சீனியரிடம் போய் உட்காருங்கள்.

நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பெரியப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். கூடவே ஒரு எண்: அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ், 14416, எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. நோயாளிகளுக்குச் சொல்வதற்கு முன்னால், இன்றைக்கே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். விடுதியில் உங்கள் அறைத்தோழனுக்கும் அனுப்பி வையுங்கள்.