ஸ்டூர் ஆற்றின் தோணி முதலாளி



ஓவியர் ஜான் கான்ஸ்டபிளைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. நான் இன்று பேசப்போவது அவருடைய தந்தையைப் பற்றி. கோல்டிங் கான்ஸ்டபிள் (1739–1816) இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் தானியமும் நிலக்கரியும் விற்றவர், மாவு ஆலைக்காரர், சரக்குத் தோணிகளின் சொந்தக்காரர். இயற்கை எழில் என்று நாம் வியக்கும் மகனின் படங்கள் தந்தையின் தொழிற்களங்கள் என்பதே என் கட்சி.

ஃபிளாட்ஃபோர்ட் நீராலை அவருக்குத் தந்தையின் சகோதரர் ஏப்ரம் வழியாக வந்தது. கோல்டிங் அதைப் பெருக்கினார். டெடம் ஆலையும் அவர் கைக்கு வந்தது. 1774இல் ஈஸ்ட் பெர்கோல்ட் ஊரில் பெரிய வீடு கட்டிக் குடியேறினார். மாவு, தோணியில் மிஸ்ட்லி துறைக்குப் போகும்; அங்கிருந்து ‘டெலிகிராஃப்’ என்ற அவருடைய கப்பல் லண்டனுக்குக் கொண்டுசெல்லும். திரும்பும் தோணிகளில் நிலக்கரி வரும்.

ஸ்டூர் தானாகவே தோணி ஓடும் ஆறாக இருந்ததில்லை. 1705ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்பரி முதல் மானிங்ட்ரீ வரை மதகுகள் அமைத்து அதை நீர்வழியாக்கினார்கள். அந்த நீர்வழியைப் பராமரித்த ஆணையர்களுள் கோல்டிங்கும் ஒருவர். இரண்டிரண்டாகப் பிணைத்த தோணிகளைக் கரையிலிருந்து குதிரை இழுக்கும். இழுபாதை ஒரே கரையில் தொடர்ந்து செல்லாது; பாதை மறுகரைக்கு மாறும் இடத்தில் குதிரையையே தோணியில் ஏற்றிக் கடத்துவார்கள். கால்நடைகள் தாண்டாதபடி பாதையின் குறுக்கே தடுப்புகள் இருக்கும். அவற்றைத் தாவக் குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். 1825இல் ஜான் காட்சிக்கு வைத்த ‘தாவும் குதிரை’ வீரக் காட்சியன்று, அன்றாட வேலை.

என்னை மிகவும் ஈர்ப்பது தோணி கட்டும் துறை. ஃபிளாட்ஃபோர்ட் மதகின் அருகே கோல்டிங்குக்குச் சொந்தமான உலர்துறை ஒன்று இருந்தது. தோணியை உள்ளே மிதக்கவிட்டு வாயை அடைப்பார்கள். ஆற்றுக்கு அடியில் பதித்த வடிகால் வழியே நீர் தாழ்வான ஓடைக்கு இறங்கிவிடும். நீரேற்றும் பொறி எதுவும் வேண்டாம், மட்ட வேறுபாடே போதும். மரத்தை அறுத்து, செதுக்கி, பலகை பொருத்தி, இடுக்குகளில் கலப்பத்து அடித்துக் கீல் பூசுவார்கள். 1815இல் காட்சிக்கு வந்த ஜானின் படத்தில் பாதி முடிந்த தோணியும், காயும் கீல் சட்டியும், தரையில் கிடக்கும் தச்சுக் கருவிகளும் இருக்கின்றன. அங்கேயே திறந்தவெளியில் நின்று தீட்டிய படம் அது. தொழிலை அறியாத கண் இதை இவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்க முடியாது.

ஜானைத் தொழிலில் இருத்தவே கோல்டிங் விரும்பினார். மகன் சில காலம் ஆலையில் வேலையும் பார்த்தார். ஆயினும் 1799இல் ராயல் அகாடமியில் படிக்க அனுமதித்து, செலவுக்குப் பணமும் தந்தார் அந்தப் பெரிய மனிதர். இளைய மகன் ஏப்ரம் தொழிலை ஏற்றார். 1816இல் கோல்டிங் மறைந்தபின், தொழிலிலிருந்து ஜானுக்குக் கிடைத்த பங்குதான், பல ஆண்டுகள் தடைபட்ட மரியா பிக்னெலுடனான திருமணத்தை அதே ஆண்டு அக்டோபரில் நடத்திவைத்தது. தோணியில் கரை கடக்கும் ‘வெள்ளைக் குதிரை’ 1819இல் காட்சிக்கு வந்தது. நண்பர் ஜான் ஃபிஷர் அதை 100 கினிக்கு வாங்கினார்; அகாடமி ஜானைத் துணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டில்தான்.